பதிகம் பாடும்போதே சந்தேகம் வந்தால்?

கேள்வி: சிறு வயதிலிருந்தே தினமும் தேவாரம் ஓதுகிறேன். போன வருடம் தம்பி விபத்தில் இறந்தான். அப்போதிருந்து, பாடும்போதே 'இவர் காதில் விழுகிறதா? இவர் இருக்கிறாரா?' என்று மனம் கேட்கிறது. நினைப்பதே பாவம் என்கிறார் அம்மா. ஓதுவதை நிறுத்திவிடவா?

பதில்: வேண்டாம். சந்தேகத்தை அடக்கவும் வேண்டாம். நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள், இரண்டுக்கும் வழி வேறு.

'காதில் விழுகிறதா' என்பது துக்கத்தின் கேள்வி. அதைக் கடவுளிடமே கேளுங்கள். சுந்தரர் பாடிய தேவாரமான ஏழாம் திருமுறையில் 'மீளா அடிமை' என்று தொடங்கும் திருவாரூர்ப் பதிகத்தை எடுத்துப் பாருங்கள். பிரிய மாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறியதால் சுந்தரருக்குப் பார்வை போனது என்கிறது பெரியபுராணம். காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. மறு கண்ணுக்காக ஆரூரில் நிற்கிறார். உமக்கே ஆளானவர்கள், மூளாத் தீயாக உள்ளே கனன்று, முகம் வாடி வந்து கஷ்டத்தைச் சொன்னால் பேசாமல் இருப்பீர். சரி, நீரே நன்றாக இரும் என்று பாட்டுக்குப் பாட்டு 'வாழ்ந்து போதீரே' என முடிக்கிறார். தப்பு தன் பக்கம் இருந்தும் இத்தனை உரிமை! அந்தக் கோபமும் திருமுறையாகத்தான் ஓதப்படுகிறது.

இந்தக் கேள்விக்குச் சைவ சித்தாந்தத் தத்துவ விளக்கம் மருந்தாகாது. துக்க வீட்டில் உட்கார்ந்து வினைப்பயனை விளக்குகிறவர்களை நான் மதிப்பதில்லை.

'இருக்கிறாரா' என்பது ஆராய்ச்சிக் கேள்வி. இதை ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். உமாபதி சிவம் எழுதிய வினா வெண்பாவின் 13 பாட்டில் பெரும்பாலானவை குருவான மறைஞான சம்பந்தரிடம் கேட்கும் கேள்விகள்தாம். ஒளியும் இருளும் ஓரிடத்தில் சேராதே, கொடிய வினை உள்ள என்னிடம் நீ எப்படி நின்றாய் என்பது முதல் கேள்வி. அந்த நூல் சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூல்களான மெய்கண்ட சாத்திரங்கள் 14-இல் ஒன்று. இன்னும் நேரடியாக வேண்டுமென்றால் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில், பிற மதங்களின் வாதங்களை எடுத்து மறுக்கும் பகுதியான பரபக்கத்தை உரையோடு படியுங்கள். கடவுள் இல்லை என்னும் உலகாயதன்தான் அங்கே முதலில் பேசுகிறான். அவன் வாதத்தை முழுதாகச் சொல்லவிட்டு, அப்புறம்தான் மறுப்பு.

சைவ மடமான திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் சித்தாந்த நேர்முகப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. எங்கே சேர்ந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஆசிரியர் உங்களைக் கேள்வியை முடிக்க விடுகிறாரா? பாதியிலேயே 'நம்பினால் போதும்' என்றால் வேறு வகுப்பு பாருங்கள்.

அதுவரை வழக்கமாக ஓதுவது கனமாக இருந்தால் ஒரே பதிகம் போதும். ஆரூர்ப் பதிகத்தையே பாடுங்கள், அம்மா காதில் விழும்படி.