மீனில் ஒட்டியிருந்த லாம்ப்ரேயைத் திரும்ப ஏரியில் விடலாமா?

கேள்வி: ஒன்டாரியோ ஏரியில் பிக்கரிங் பக்கம் பிடித்த சால்மனின் விலாவில், விலாங்கு மாதிரி ஒன்று வாயால் கவ்விக்கொண்டு தொங்கியது. பிய்த்துத் தண்ணீரிலேயே போட்டுவிட்டோம். மீனில் காசு அளவுக்குச் சிவந்த வட்டப் புண். குழம்பு வைக்கலாமா? பிள்ளைகள் அங்கே குளிப்பார்கள், ஆளைக் கடிக்குமா?
- ஸ்காபரோ வாசகர்

பதில்: தாராளமாகக் குழம்பு வைக்கலாம். புண்ணையும் சுற்றியுள்ள சதையையும் வெட்டி எறிந்துவிட்டு, மீதியை நன்றாக வேகவிடுங்கள். சீழ் வைத்திருந்தாலோ, சதை கொழகொழத்து நாறினாலோ மீனையே எறிந்துவிடுங்கள். சொல்லப்போனால், புண்ணைவிட வயிற்றுக் கொழுப்புதான் எனக்குக் கவலை. அந்த ஏரியின் பெரிய சால்மன்களில் பிசிபி போன்ற வேதிப்பொருள்கள் கொழுப்பில்தான் சேரும். தோல், கொழுப்பு, குடல், சினை எதுவும் வேண்டாம். எந்த நீள மீனை மாதம் எத்தனை வேளை உண்ணலாம் என்று ஒன்டாரியோ அரசின் வழிகாட்டி சொல்கிறது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் தனிக் கணக்கு உண்டு.

குளிப்பவர்களைப் பற்றிப் பயம் வேண்டாம். அது தேடுவது குளிர்ந்த ரத்தமுள்ள மீன்களை.

ஆனால் திரும்பத் தண்ணீரில் போட்டீர்களே, அதுதான் சரியில்லை. அது அநேகமாகக் கடல் லாம்ப்ரே. தாடை கிடையாது, வட்டமான உறிஞ்சு வாய், உள்ளே வரிசை வரிசையாக மஞ்சள் பற்கள், நடுவில் அரம் போன்ற நாக்கு. தோலைச் சுரண்டித் துளைத்து, ரத்தம் உறையாமலிருக்க உமிழ்நீரை விட்டுக் குடிக்கும். இப்படி ஒன்றரை ஆண்டு வரை ஏரியில் திரிவதற்குள், ஒரே லாம்ப்ரே 18 கிலோ மீன் வரை கொன்றுவிடும். அப்புறம் ஓடையேறி, பல்லாயிரம் முட்டையிட்டுச் சாகும்.

இது அட்லாண்டிக் கடலின் உயிரி. ஒன்டாரியோ ஏரியில் 1835-லேயே பதிவாகிவிட்டது. அதற்கு மேலே உள்ள ஈரி, சுப்பீரியர் போன்ற ஏரிகளுக்குப் போகவிடாமல் நயாகரா அருவி தடுத்தது. அருவியைத் தவிர்த்துக் கப்பல்கள் போக வெட்டிய வெல்லண்ட் கால்வாய் அதற்குச் சுற்றுவழி ஆகிவிட்டது. 1921-ல் ஈரி ஏரி, 1938-க்குள் சுப்பீரியர் வரை. மேல் ஏரிகளில் ஆண்டுக்கு சுமார் 1.5 கோடி பவுண்டு பிடிபட்ட ஏரி டிரவுட் என்ற மீன், 1960-களின் தொடக்கத்தில் 3 லட்சம் பவுண்டாகச் சுருங்கியது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்புக்கும் இதில் பங்குண்டு. ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைச் சோதித்து, 1950-களின் இறுதியில் டிஎஃப்எம் என்ற மருந்தைக் கண்டெடுத்தார்கள். ஓடைச் சேற்றில் பல்லும் பார்வையும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் புதைந்து கிடக்கும் குஞ்சுகளை அது கொல்லும். தடுப்பணைகளும் சேர்ந்து, லாம்ப்ரே கூட்டம் 90 சதவீதம் குறைந்தது. கொரோனாவால் 2020, 2021-ல் மருந்திடும் வேலை குறைந்ததும் மறுபடி பெருகியது. விட்டால் வந்துவிடும் சாமான் இது.

எனவே அடுத்த முறை கொன்று குப்பையில் போடுங்கள். தூண்டில் இரையாக்க வேண்டாம். சமைக்கவும் வேண்டாம், பாதரசம் அதிகம்.

கொல்லும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். தாடையும் தலைக்குப் பின்னால் பக்கத் துடுப்பும் இருந்தால் அது நிஜமான விலாங்கு. ஒன்டாரியோவில் அழிவின் விளிம்பில் இருப்பது, உடனே விட்டுவிட வேண்டும். கண்ணுக்குப் பின்னால் ஏழு செவுள் துளைகள் இருந்தால் லாம்ப்ரே. அதிலும் முதுகுத் துடுப்பு தனித்தனியாக இரண்டு இருந்தால்தான் கடல் லாம்ப்ரே. ஒரே நீளத் துடுப்பு என்றால் அந்த ஊர்ப் பூர்வீக இனம். காலங்காலமாக அங்குள்ள மீன்களோடு வாழ்வது, அதை விட்டுவிடலாம்.