எல்லிஸ் தீவில் சில மணி நேரம், ஏஞ்சல் தீவில் சில மாதம்

கேள்வி: கப்பலில் வந்து இறங்கிய குடியேறிகளை அமெரிக்காவின் பழைய குடியேற்ற நிலையங்களில் எப்படி நடத்தினார்கள்? எல்லோரும் எல்லிஸ் தீவைப் பற்றியே பேசுகிறார்களே, வேறு இடம் ஏதும் இல்லையா?

இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் ஏஞ்சல் தீவு என்று ஒன்று. 1910 ஜனவரி 21 முதல் 1940 வரை பசிபிக் வழியாக வந்தவர்களுக்கு அதுதான் வாசல். 'மேற்குக் கரையின் எல்லிஸ் தீவு' என்று சுற்றுலாக் கையேடுகள் அதைப் புகழும். அந்தப் பட்டத்தை நான் ஏற்கமாட்டேன். இரண்டும் தீவு, இரண்டிலும் டாக்டர் பார்த்தார், இரண்டிலும் அதிகாரி கேள்வி கேட்டார். ஒற்றுமை அவ்வளவோடு சரி.

நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் எல்லிஸ் தீவைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1892 முதல் 1954 வரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அதைக் கடந்தார்கள். முதல் வகுப்பில் வந்த பணக்காரர்களைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். தீவுக்குப் போனவர்கள் பெரும்பாலும் கீழ்த்தளத்துப் பயணிகள்தான். மூட்டை முடிச்சோடு மாடிப்படி ஏறும்போதே யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார் என்று டாக்டர்கள் கவனிப்பார்கள். சந்தேகம் வந்தால் கோட்டில் சாக்பீஸால் ஓர் எழுத்து. கண்நோய் இருக்கிறதா என்று இமையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பூட்ஸ் பொத்தான் மாட்டும் கொக்கியைப் பயன்படுத்தியதும் உண்டு. பிறகு பெரிய கூடத்தில் பெயர், ஊர், கையிருப்பு, எங்கே போகிறாய் என்ற விசாரணை. பெரும்பாலானவர்கள் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். அங்கே அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையை நம்பாதீர்கள். பயணிகள் பட்டியலை எழுதியவர்கள் கப்பல் கம்பெனிக்காரர்கள், அதுவும் புறப்பட்ட துறைமுகத்திலேயே.

ஏஞ்சல் தீவு கட்டப்பட்ட நோக்கமே வேறு. சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று 1882-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. வணிகர், மாணவர், தூதரக அதிகாரி போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவில் பிறந்தவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் தடுக்க முடியாது. ஆக, வந்தவர் அந்த விலக்குக்குள் வருகிறாரா என்பதை நோண்டிப் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. அதுவரை துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் கொட்டகையில் அடைத்து வைத்திருந்தார்கள். தீவு என்றால் தப்பிக்க முடியாது, நோய் ஊருக்குள் பரவாது, முக்கியமாக, ஊரில் இருக்கும் உறவினர்கள் விசாரணைக்கு முன் காதில் ஓதிவிட முடியாது.

கப்பல் சான்பிரான்சிஸ்கோவில் நின்றதும் அதிகாரிகள் ஏறுவார்கள். ஐரோப்பியர்களும் முதல் வகுப்புப் பயணிகளும் பெரும்பாலும் அப்படியே இறங்கி ஊருக்குள் போவார்கள். மற்றவர்களைச் சிறு படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோவார்கள். கரையில் கால் வைத்ததும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கணவன் மனைவியானாலும் விசாரணை முடியும்வரை பார்த்துக்கொள்ள முடியாது. அடுத்தது ஆஸ்பத்திரி. முன்பின் தெரியாத டாக்டர் முன் ஆடையைக் களையச் சொன்னதே பலருக்குத் தாங்க முடியாத அவமானம். அதற்குமேல் மலப் பரிசோதனை. கொக்கிப்புழு இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். ஆசியக் கிராமங்களில் வெறுங்காலோடு நடந்த எவருக்கும் இருக்கக்கூடிய புழு அது. மருந்து கொடுத்தால் போய்விடும். இருந்தும் அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

டிபுரான் ஊரிலிருந்து படகு பிடித்துப் போய், இறங்குதுறையிலிருந்து காடு சூழ்ந்த பாதையில் நடந்தால் அந்த நிலையம் வரும். ஆண்கள் தங்கிய மரக்கட்டடம் இன்றும் நிற்கிறது. மூன்றடுக்குக் கட்டில்களை இரும்புக் கம்பங்களில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வரிசைக்கு நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். ஜன்னல் வழியே விரிகுடா அத்தனை அழகாகத் தெரிகிறது. எனக்கு அந்த அழகின்மேல் கோபம்தான் வந்தது.

விசாரணைக்கு வருகிறேன். ஏஞ்சல் தீவு என்றாலே அதுதான்.

1906 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம். அதைத் தொடர்ந்த தீயில் நகராட்சியின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. இங்கேயே பிறந்தவன் நான் என்று ஒரு சீனர் சொன்னால், இல்லை என்று காட்ட அரசிடம் காகிதம் இல்லை. குடியுரிமை பெற்றவர் சீனாவுக்குப் போய்த் திரும்பி வரும்போது, 'எனக்கு அங்கே மகன் பிறந்திருக்கிறான்' என்று பதிவு செய்வார். அந்த இல்லாத மகனின் இடத்தை ஊரிலுள்ள வேறொரு பையனுக்கு விற்கலாம். இப்படி வந்தவர்களைக் 'காகித மகன்கள்' என்றார்கள். அரசுக்கும் இது தெரியும். அதனால் கேள்விகளாலேயே வலை பின்னினார்கள்.

ஓர் அறை. அதிகாரிகள், சுருக்கெழுத்தர், மொழிபெயர்ப்பாளர். எதிரே பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பையன். உன் வீட்டு வாசலுக்கு எத்தனை படி? உங்கள் வரிசையில் எத்தனை வீடு? மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார்கள், அவருக்கு எத்தனை பிள்ளைகள்? கிணறு எந்தத் திசையில்? அரிசிப் பானை எங்கே இருக்கும்? உன் பாட்டியின் கால் (பெண்களின் பாதம் வளராதபடி சிறுவயதிலேயே இறுக்கிக் கட்டும் பழைய சீன வழக்கப்படி) கட்டப்பட்டிருந்ததா? இப்படி இரண்டு மூன்று நாள் கூடப் போகும். அதே கேள்விகளை அப்பாவிடமும் தனியாகக் கேட்பார்கள், ஊர்க்காரர் யாராவது சாட்சி சொன்னால் அவரிடமும். பதில்கள் பொருந்தாவிட்டால் கப்பல் ஏற வேண்டியதுதான். வாஷிங்டனுக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்கு வக்கீல் பணம் வேண்டும், முடிவு வரும்வரை அதே கட்டிலில் கிடக்க வேண்டும். சிலருக்கு அது மாதக்கணக்கில் நீண்டது. குவோக் ஷீ என்ற பெண், கணவரோடு 1916-இல் வந்தவர், கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் அங்கே அடைபட்டிருந்தார். வந்தவர்களோடு கூட்டுச் சேரக்கூடாது என்பதற்காக மொழிபெயர்ப்பாளர்களைக்கூட அதிகாரிகள் அமர்வுக்கு அமர்வு மாற்றினார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு விபரீத ஆசை. ஊருக்குப் போன் செய்து, எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணைக்கு எத்தனை படி என்று கேட்டேன். நாங்கள் எல்லோரும் கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து கதை பேசிய படிகள் அவை. என் கணக்கு மூன்று. அண்ணன் நான்கு என்று சத்தியம் செய்தான். அம்மா போனை வாங்கி, "எதுக்குக் கேட்கிறாய், வாசல் பக்கமா கொல்லைப் பக்கமா?" என்றார். எங்கள் மூவரையும் அந்தத் தீவில் நிறுத்தியிருந்தால் மூவரும் போலிதான்.

அங்கே நடந்ததும் இதுவே. வந்தவன் சொந்த மகனாகவே இருந்தாலும் உண்மையை நினைவிலிருந்து சொன்னால் போதாது. அப்பா என்ன சொல்வாரோ அதையேதான் சொல்ல வேண்டும். ஆகவே நிஜப் பிள்ளையும் போலிப் பிள்ளையும் ஒரே மாதிரி மனப்பாடம் செய்தார்கள். கேள்வி பதில்களும் கிராமத்து வரைபடமும் அடங்கிய குறிப்பேடுகளைக் கப்பல் முழுக்கப் படித்துவிட்டு, கரை நெருங்கும்போது கடலில் எறிவார்கள். உள்ளே வந்த பிறகு திடீரென்று புதுக் கேள்வி முளைத்தால், சமையலறையில் வேலை செய்த சீனர்கள் விடுமுறையில் நகரத்துக்குப் போய் உறவினரிடம் சரியான பதிலைச் சீட்டில் வாங்கி வந்து கொடுத்தார்கள். வேர்க்கடலை ஓட்டுக்குள்ளும் பழத்தோலுக்குள்ளும்கூடச் சீட்டுகள் வந்தன. பொய்யைப் பிடிக்கப் போட்ட வலையில் மெய் சொன்னவனும் பொய்க்கு ஒத்திகை பார்க்க வேண்டியதாயிற்று. அந்த முறையைக் குறை சொல்லாமல் காகித மகன்களை மட்டும் மோசடிக்காரர்கள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எல்லோருக்கும் இதே கதை என்று நினைக்க வேண்டாம். புகைப்படம் மட்டும் பார்த்துத் திருமணம் முடித்து வந்த ஜப்பானிய மணப்பெண்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் வெளியேறினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு வலுவான அரசு இருந்தது. இந்தியர்களுக்கு அது இல்லை. பிரிட்டிஷ் ஆட்சி அவர்களுக்காக வாய் திறக்கவில்லை. பெரும்பாலும் பஞ்சாபிகள். கொக்கிப்புழு, 'அரசுக்குச் சுமையாகிவிடுவார்' என்ற சாக்கு, இவற்றால் ஏராளமானோர் திருப்பப்பட்டார்கள். 1917-இல் வந்த சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பரப்புக்கே கதவை அடைத்தது.

வைஷ்ணோ தாஸ் பாகாய் அதற்குமுன் வந்தவர். 1915-இல் பெஷாவரிலிருந்து மனைவி கலா பாகாயையும் மூன்று மகன்களையும் கூட்டிக்கொண்டு, தங்கமாக 25,000 டாலரோடு ஏஞ்சல் தீவில் இறங்கினார். அத்தனை பணத்தோடு வந்தவரை அரசுக்குச் சுமை என்று யார் சொல்ல முடியும்? விட்டுவிட்டார்கள். கலா பாகாயின் மூக்குத்தியை ஏதோ புது நாகரிகம் என்று உள்ளூர்ப் பத்திரிகை செய்தியாக்கியது. பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபோன அன்று, அக்கம்பக்கத்தார் உள்ளே விடாமல் பூட்டிவிட்டார்கள். பாகாய் 1921-இல் குடியுரிமை பெற்றார். 1923-இல் இந்தியர் வெள்ளையர் அல்லர், அதனால் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, கொடுத்த குடியுரிமையைப் பறித்தார்கள். 1928-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். காரணத்தை எழுதிவைத்த கடிதம் சான்பிரான்சிஸ்கோ நாளிதழில் வெளியானது. பூட்டி விரட்டிய அதே பெர்க்லியில் இப்போது ஒரு தெருவுக்குக் கலா பாகாயின் பெயர். அவர் மனைவியாக மட்டும் அல்லாமல், பின்னாளில் வந்த இந்தியக் குடும்பங்களுக்கு ஆதரவாக இருந்தவராகவும் நினைவுகூரப்படுகிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

சுவர்க் கவிதைகளைச் சொல்லாமல் விட்டால் கேள்வி கேட்டவருக்கு அநியாயம். அடைபட்ட சீனர்கள் மரச்சுவரில் மரபுக் கவிதைகளை முதலில் எழுதி, பிறகு செதுக்கினார்கள். பெரும்பாலும் பெயர் போடவில்லை. ஊர் நினைவு, கடன் கவலை, சீனா வலுவிழந்ததால்தானே இந்தக் கதி என்ற ஆத்திரம் எல்லாம் அதில் உண்டு. நிர்வாகம் அதைக் கிறுக்கலாகக் கருதி, பள்ளங்களை மக்கு என்ற பசையால் அடைத்து, மேலே பெயின்ட் அடித்தது. பெயின்ட் அடிக்க அடிக்க மரம் கெடாமல் நின்றது. நாளடைவில் மக்கு சுருங்கி எழுத்துகளின் பள்ளம் மறுபடி தெரிந்தது. 1940-இல் நிர்வாகக் கட்டடம் எரிந்து நிலையம் மூடப்பட்டது. தீவு பூங்காவான பிறகு, கவிதைகள் இருந்த மரக்கட்டடத்தையும் இடிக்க இருந்தார்கள். 1970-இல் அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்து, இதில் ஏதோ இருக்கிறது என்று பிடிவாதமாக நின்றார். மேலதிகாரிகள் அசையாததால் பேராசிரியர் ஒருவரை அழைத்துவந்து காட்டினார். 200-க்கும் மேற்பட்ட கவிதைகளை இதுவரை படித்தெடுத்திருக்கிறார்கள்.

சீனர்களைத் தடுத்த அந்த 1882 சட்டம் 1943-இல் நீங்கியது; ஆனால் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம். காகிதப் பெயரோடு வந்தவர்கள் அந்தப் பெயரிலேயே வேலை பார்த்தார்கள், பிள்ளை பெற்றார்கள். உண்மையை ஒப்புக்கொள்ள 1956-இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தபோதும் பலர் பயந்து வாய் திறக்கவில்லை. சில கல்லறைகளில் ஆங்கிலத்தில் காகிதக் குடும்பப் பெயரும் சீனத்தில் பிறந்த குடும்பப் பெயரும் இருப்பது அதனால்தான்.

அந்த விசாரணைக் கோப்புகள் சான் புரூனோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கேள்வி, பதில், புகைப்படம், சிலவற்றில் கிராமத்து வரைபடம். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று வீட்டில் யாரும் சொல்லாத பேரப்பிள்ளைகள் இன்று அதைப் புரட்டித்தான் குடும்ப மரம் வரைகிறார்கள். அந்தப் படிக்கணக்கில் எவ்வளவு மெய், எவ்வளவு மனப்பாடம் என்று பிரிப்பது அவர்கள் பாடு.