டிக் டிக் சத்தத்துக்கு 38,000 ரூபாயா?

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் ஊர் கார் கன்சல்டிங் ஒன்றில் 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கினேன். விலை 3,40,000 ரூபாய், ஓடியது 62,000 கிலோமீட்டர். வாங்கும்போது இன்ஜின் ஓடுவதே தெரியாத அளவுக்கு அமைதி, அதில் மயங்கித்தான் வாங்கினேன். போன வாரம் ஆயில் சர்வீஸ் விட்டேன். அதிலிருந்து சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பானட்டுக்குள் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி டிக் டிக் என்று கேட்கிறது. வண்டி நகர்ந்தால் தெரிவதில்லை. சர்வீஸ் விட்ட இடத்தில் டேப்பட் போயிருக்கிறது, ஹெட் இறக்கணும், 38,000 ஆகும் என்கிறார்கள். வீட்டுப் பக்கத்து மெக்கானிக், இதெல்லாம் நார்மல், அப்படியே ஓட்டுங்க சார் என்கிறார். யாரை நம்புவது? கன்சல்டிங்காரரிடம் பணம் திரும்பக் கேட்க முடியுமா? — திருப்பூர் வாசகர்

பதில்: இப்போதைக்கு இருவரையுமே நம்ப வேண்டாம். 38,000 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டேப்பட் என்பது இன்ஜினுக்குள் காற்றும் புகையும் போய்வரத் திறந்து மூடுகிற வால்வைத் தள்ளிவிடும் சின்ன பாகம், ஹெட் என்பது அந்த வால்வுகள் இருக்கிற இன்ஜினின் மேல்பகுதி.

உங்கள் கேள்வியில் முக்கியமான வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: ஆயில் சர்வீஸ் விட்டேன், அதிலிருந்து. நேற்றுவரை அமைதியாக ஓடிய இன்ஜின் ஆயில் மாற்றிய கையோடு சத்தம் போட ஆரம்பித்தால், ஒன்று அது ஆயில் சங்கதி, இல்லையென்றால் சர்வீஸில் கழற்றிய ஏதோ ஒன்றைச் சரியாக மாட்டவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துவிட்டு முழுசாக முறுக்காமல் விட்டாலே போதும், அந்த இடைவெளியில் காற்று கசிந்து அச்சு அசல் டேப்பட் மாதிரியே டிக் டிக் என்று அடிக்கும்.

சர்வீஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். என்ன கிரேடு ஆயில், எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்க வேண்டும். அதை வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அப்புறம் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர். கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால் சத்தத்துக்குக் காரணம் கையிலேயே கிடைத்துவிட்டது.

பில்லில் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்று மெல்லிய ரக ஆயில் இருந்து, புத்தகமும் அதையே சொல்கிறது என்றால், எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் போகிறது. பழைய கார் வியாபாரத்தில் ஒரு கைவேலை உண்டு. சத்தம் போடுகிற இன்ஜினில் 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயிலை ஊற்றிவிடுவார்கள், இன்னும் கெட்டியாக்க ஒரு டப்பா திரவமும் சேர்ப்பார்கள். தேய்ந்த இடைவெளிகளை அது மெத்தை போல நிரப்பும், வண்டி சாது மாதிரி நிற்கும். நீங்கள் சரியான மெல்லிய ஆயில் ஊற்றியதும் பழைய சத்தம் எழுந்து வந்துவிடும். உங்கள் வண்டியில் இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் 62,000 ஓடிய வண்டி ஓடுவதே தெரியவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் முதலில் தோன்றியது.

ஆயில் சரி, பிளக்கும் சரி, ஆனாலும் சத்தம் நிற்கவில்லையா? அப்போது எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று பார்க்காமல், எப்போது கேட்கிறது, என்ன வேகத்தில் கேட்கிறது என்று கவனியுங்கள். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, அது நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வால்வுகளை இயக்கும் கேம் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆக ஒரே ஒரு டேப்பட் தளர்ந்திருந்தால் நிமிடத்துக்கு 400 அடி, அதாவது நொடிக்கு ஆறு ஏழு. பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் திறக்கும், ஆனால் நான்கு சிலிண்டருக்கு நான்கு இன்ஜெக்டர், நான்கும் சேர்ந்தால் நொடிக்கு 26, 27 அடி. அது தனித்தனி டிக்காகக் கேட்காது, ஒரே சீராக டிகடிகடிக என்று ஓடும். நீங்கள் சொல்கிற தையல் மெஷின் இந்த இரண்டில் எது? செல்போனில் வீடியோ எடுத்து வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டுக் கேளுங்கள், காதுக்குப் பிடிபடாதது அப்போது பிடிபடும். சீராக ஓடுகிற மெல்லிய டிகடிகடிக என்றால் உங்கள் பக்கத்து வீட்டு மெக்கானிக் சொன்னதுதான் சரி, அது இன்ஜெக்டர், பிறவிச் சத்தம். சர்வீஸுக்கு முன்னால் நீங்கள் ஏன் அதைக் கேட்கவில்லை என்றால், புது வண்டி வாங்கிய சந்தோஷத்தில் பாட்டு போட்டுக்கொண்டு ஓட்டியிருப்பீர்கள்.

அடுத்து, நின்ற இடத்திலேயே லேசாக ரேஸ் கொடுங்கள். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து டிக்கும் வேகமெடுத்தால் அது இன்ஜினோடு சுற்றுகிற, அசைகிற ஏதோ ஒன்று. ரேஸ் கொடுத்தும் டிக் தன் போக்கில் அடித்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் இழுத்துவிடுகிற பர்ஜ் வால்வாக இருக்கலாம். அது இன்டேக் பக்கம் ஒரு ரப்பர் குழாயில் செருகியிருக்கிற சின்ன பிளாஸ்டிக் பாகம். விரலை வைத்தால் துடிப்பு தெரியும், ஒயர் கிளிப்பைக் கழற்றினால் சத்தம் டக்கென்று நிற்கும். ஒரு நொடி கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டிவிடுங்கள், அப்படியே ஓட்டினால் செக் இன்ஜின் விளக்கு எரியும். இதுவும் வியாதி கிடையாது.

காலையில் ஜில்லென்று ஸ்டார்ட் செய்தவுடன் பலமாக அடித்து, இன்ஜின் சூடாகச் சூடாகக் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்த் தொகுதியைப் பாருங்கள். கேஸ்கெட் கசிந்தாலோ போல்ட் உடைந்தாலோ புகை அந்த இடுக்கில் சீறும்போது டிக் டிக் என்றுதான் கேட்கும். உலோகம் சூட்டில் விரிந்து இடுக்கை அடைக்கும்போது சத்தம் அடங்கும். கசிகிற இடத்தில் கரி படிந்திருக்கும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்புகளின் ஓரமாக நகர்த்தினால் இடம் தெரிந்துவிடும். பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் போகாதீர்கள், துண்டு, துப்பட்டா, வேட்டி நுனி எல்லாவற்றையும் இழுத்துச் செருகிக்கொண்டு குனியுங்கள்.

இதற்கு நேர் எதிர் ரகம்தான் பயப்பட வேண்டியது. டிக் இல்லாமல் டக் டக் என்று அடியிலிருந்து கனமாக வரும், இன்ஜின் சூடானால் கூடும், மேட்டில் ஏறும்போதும் கூடும். அது கன்ராடு பேரிங், அதாவது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற தண்டின் பேரிங். சிவப்பு ஆயில் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு டோ செய்யச் சொல்லுங்கள். பட்டறை வரைக்கும்தானே என்று ஓட்டிப்போனால் எஸ்டிமேட்டில் ஒரு சைபர் கூடிவிடும். வண்டி நகர்ந்தால் கேட்பதில்லை என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு இது இருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் டயர் சத்தத்தில் காதுக்கு எட்டாமல் போவதும் உண்டு, அதனால் ஒரு மதில் சுவர் ஓரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டிக் கேளுங்கள், சுவர் சத்தத்தைத் திருப்பித் தரும்.

இனி அந்த 38,000க்கு வருவோம். டேப்பட் போயிருக்கிறதா என்று பார்க்க ஹெட்டை இறக்கத் தேவையே இல்லை. மேலே இருக்கிற டேப்பட் கவரை மட்டும் கழற்றினால் கேம் தெரியும், ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை இடுக்கில் விட்டு இடைவெளியை அளந்துவிடலாம். அம்பாசிடர் காலத்திலிருந்து இருக்கிற வேலை இது, மாருதி 800 வைத்திருந்தவர்களுக்கு டேப்பட் செட்டிங் என்பது சர்வீஸோடு வருகிற சாதாரண வார்த்தை. இப்போதைய இன்ஜின்கள் பலவற்றில் திருகிச் சரிசெய்ய ஸ்குரூ இருக்காது, அளவு பார்த்து வேறு டேப்பட் மாற்ற வேண்டியிருக்கும், சிலவற்றில் ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் இருக்கும், அதில் ஃபீலர் கேஜுக்கு வேலை இல்லை. ஹைட்ராலிக் என்றால் முதலில் ஆயில் பிரஷரை கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும் அளந்து பார்த்த எண் ஒன்று உங்களிடம் சொல்லப்பட வேண்டும். அந்தப் பட்டறையில் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த சிலிண்டர், எந்த வால்வு, எவ்வளவு இடைவெளி, புத்தகத்தில் எவ்வளவு? பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். சத்தத்தைக் கேட்டே சொல்லிட்டோம் சார் என்றால் வேலை விவரம் எழுதிய ஜாப் கார்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் ஒயரைக் கழற்றிப் பார்ப்பது. ஒன்றைக் கழற்றியதும் சத்தம் அடங்கினால் பேரிங் பக்கமோ அந்த இன்ஜெக்டரோ, கழற்றியும் மாறாமல் அடித்தால் டேப்பட் பக்கம். ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக் ஒயரைத் தொடாமலே செய்துவிடுவார்.

கன்சல்டிங்காரர் விஷயம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வியாபாரியிடம் வாங்கிய பழைய பொருளுக்கும் புகார் செய்யலாம், இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும், நீங்கள் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே செய்யலாம், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்வது சுலபம். வழி இருக்கிறது, ஆனால் உங்கள் வழக்கு பலமானதா? எனக்குப் படவில்லை. ஒன்பது வருடத்துக்குக் குறையாத வண்டி, மூன்று மாதம் ஓட்டியாகிவிட்டது, கெட்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் அதைக் கீழே வடித்துவிட்டீர்கள், சாட்சி போய்விட்டது. வாங்கும்போது இன்ஜின் கண்டிஷன் பற்றி வாட்ஸ்அப்பிலாவது எழுதித் தந்திருந்தால், அதோடு வேறொரு மெக்கானிக்கின் எழுத்து அறிக்கையும் இருந்தால் பேச்சு வேறு. அவரிடம் ஆர்டிஓ கொடுத்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், பழைய வண்டி வியாபாரிகளுக்கு அது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அந்தக் கேள்விக்கே சிலர் இறங்கிவந்து ரிப்பேர் செலவில் பாதி தருகிறேன் என்பார்கள். தனி ஆளிடம் நேரடியாக வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் உதவாது.

சொல்ல மறந்துவிட்டேன். ஒருமுறை என் காரில் ஐடிலிங்கில் மட்டும் டிக் டிக் என்று இரண்டு வாரம் மண்டையைக் குடைந்தது, கடைசியில் பார்த்தால் ஏசி புளோயர் விசிறியில் ஒரு வேப்பங்குச்சி. எதற்கும் ஏசியை அணைத்துவிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: புது சிஎன்ஜி கார், எடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. சிக்னலில் நின்றால் டைப்ரைட்டர் மாதிரி சத்தம். ஷோரூமில் நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: பெட்ரோலுக்கு மாற்றி ஒரு நிமிடம் கேளுங்கள். சத்தம் குறைந்தால் ஷோரூம் சொன்னது உண்மை, சிஎன்ஜி இன்ஜெக்டர்கள் பெட்ரோல் இன்ஜெக்டரைவிடச் சத்தமாகத்தான் அடிக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாரண்டி முடிகிற சமயத்தில் அந்தத் தாள் பேசும். நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது சத்தம் இல்லாமல் போவதைப் பற்றி. சிஎன்ஜியில் ஓடுகிற வண்டியில் வால்வு தன் இருக்கையைத் தேய்த்துக்கொண்டு மேலே ஏறினால் டேப்பட் இடைவெளி குறுகும், வால்வு முழுசாக மூடாமல் சூட்டில் கருகும். தளர்ந்த டேப்பட் கத்திச் சொல்லிவிடும், இறுகிய டேப்பட் வாயைத் திறக்காது. அதனால் புத்தகத்தில் டேப்பட் பார்க்க வேண்டிய கிலோமீட்டர் போட்டிருந்தால் அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய டீசல் ஸ்விஃப்ட் பார்க்கப் போகிறேன். சத்தத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: வருகிற நேரத்தைச் சொல்லாமல் காலையில் போங்கள், போனதும் பானட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். அது ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல், பெல்ட் கிடையாது, டைமிங் செயின். ஆயில் ஒழுங்காக மாற்றாத வண்டியில் செயின் நீண்டுவிடும், ஜில் ஸ்டார்ட்டில் முதல் சில நொடிகள் சங்கிலியைத் தகரத்தில் போட்டு உலுக்குகிற மாதிரி கரகரவென்று கேட்கும். டீசலின் வழக்கமான கடகடப்பை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது ஸ்டார்ட் செய்ததிலிருந்து அணைக்கும்வரை இருக்கும். ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பானட் பக்கம் நில்லுங்கள், உள்ளே உட்கார்ந்தால் கேட்காது. சர்வீஸ் பில்களையும் கேளுங்கள், ஆயில் மாற்றிய கிலோமீட்டர் இடைவெளி அதில் தெரியும்.