சங்கம் இருக்கும் ஆலையா, இல்லாத ஆலையா?

கேள்வி: என் மகன் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்திருக்கிறான். ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் ஆலையில் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அதே சமயம், உதிரிபாகம் செய்யும் ஒரு வென்டர் கம்பெனியில் கான்ட்ராக்டர் மூலம் வேலை இருக்கிறது. மாதம் மூவாயிரம் ரூபாய் கூடுதல். “கார் ஆலையில் சங்கம் இருக்கிறது. சம்பளம் கேட்டுக் கேட்டே ஃபோர்டை மூட வைத்தார்கள். பையனை அங்கே விடாதே” என்கிறார் என் மைத்துனர். என்ன செய்யலாம்?
– ஒரு தந்தை, செய்யாறு

பதில்: ஐயா, மைத்துனர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஃபோர்டு கதை அப்படி நடக்கவில்லை.

மறைமலைநகர், குஜராத்தின் சானந்த் ஆகிய இரண்டு இடங்களிலும் உள்ள தன் ஆலைகளில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேல் நட்டம் என்பது அது சொன்ன கணக்கு. இரண்டு ஆலைகளும் சேர்ந்து ஆண்டுக்கு நான்கு லட்சம் கார்கள் செய்யக்கூடியவை. அந்தத் திறனில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. கடைசிக் காலத்தில் இந்தியச் சந்தையில் அதன் பங்கு இரண்டு விழுக்காடுகூட இல்லை. விற்காத காருக்கு எவ்வளவு குறைந்த கூலி கொடுத்தாலும் ஆலை ஓடாது. அதே ஃபோர்டிடம் அமெரிக்காவில் 2023 இலையுதிர்காலத்தில் தொழிலாளர்கள் சுமார் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்து, நான்கரை ஆண்டுகளில் 25 விழுக்காடு உயர்வு வாங்கினார்கள். உயர்ந்த கூலி கொடுக்கும் நாட்டில் ஆலைகளை வைத்துக்கொண்டு, குறைந்த கூலி கொடுத்த நாட்டில் மூடிய நிறுவனம் அது.

இதை வைத்து, கூலி உயர்ந்தால் வேலை போகவே போகாது என்று நான் வாதிடவில்லை. செலவு ஏறினால் ரோபோவை இறக்குவார்கள், புதிய மாடலை வேறு ஊருக்குக் கொடுப்பார்கள். நீண்ட வேலைநிறுத்தம் யாருக்கும் இனிப்பானதும் அல்ல. ஆனால் அந்த அடி முதலில் யார் மீது விழுகிறது என்று பாருங்கள்.

கார் ஆலைகள் சீட்டையும் பம்பரையும் வயரிங்கையும் கிடங்கில் குவித்து வைப்பதில்லை. சில மணி நேர உற்பத்திக்கு வேண்டியதுதான் உள்ளே இருக்கும். மீதி லாரியில் வந்துகொண்டே இருக்கும். பெரிய ஆலையில் லைன் நின்றால் அன்றைக்கே வென்டர் கம்பெனியிலும் ஷிப்டைக் குறைப்பார்கள். முதலில் “நாளைக்கு வரவேண்டாம்” என்று போன் போவது கான்ட்ராக்ட் ஆளுக்குத்தான். ஆக, சங்கம் இல்லாத இடத்தில் சேர்த்துவிட்டால் சங்கப் பிரச்சினையிலிருந்து மகன் தப்பிவிடுவான் என்ற கணக்கு தப்பு. தகராறின் பலனில் பங்கு கிடைக்காது. நட்டத்தில் மட்டும் கிடைக்கும்.

மூடும்போதும் இதே கதைதான். ஆட்குறைப்பு இழப்பீடாகச் சட்டம் சொல்வது, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். மறைமலைநகர் நிரந்தரத் தொழிலாளர்கள் 2022 மே இறுதியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்; சங்கத்தோடு பல மாதம் பேச்சு நடந்தது. கடைசியில் ஆண்டுக்கு நூறு நாளுக்கும் மேற்பட்ட ஊதியக் கணக்கில் தொகை கிடைத்தது. போன வேலை திரும்பவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் தொகையை வைத்து வீட்டுக் கடனைக் கட்டியவர்கள் உண்டு. சானந்தில் ஆலையை டாடா வாங்கியபோது அங்கிருந்த தொழிலாளர்களுக்கு வேலையைத் தொடர வழி கிடைத்தது. நம் பக்கம் அந்த அதிர்ஷ்டம் அமையவில்லை.

ஆகவே சங்கம் உண்டா இல்லையா என்பதை விட்டுவிட்டு, தம்பியின் கையில் இருக்கும் தாளைப் படியுங்கள். தலைப்பில் யார் பெயர் இருக்கிறது? கார் ஆலையா, கான்ட்ராக்டரா? கான்ட்ராக்டர் தாளில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் எழுதியிருக்கிறதா? அந்த மூவாயிரம் அடிப்படைச் சம்பளத்தில் வருகிறதா, அல்லது ஓ.டி. செய்தால்தான் வருமா? பல வீடுகளில் இந்தக் கூடுதல் தொகை ஓ.டி.யாகத்தான் முடிகிறது.

அப்ரண்டிஸ் தாளிலும் கவனம் வேண்டும். அப்ரண்டிஸ் சட்டப்படி உங்கள் மகன் பயிற்சியாளர்தான், தொழிலாளர் அல்ல. முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக ஆலைக்கு இல்லை. பயிற்சி அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். டிப்ளமாக்காரர்களுக்குத் தரமணியில் இருக்கும் தென்மண்டல தொழிற்பயிற்சி வாரியம் பொறுப்பு. பதிவில்லாமல் வெறும் “டிரெய்னி” என்று எழுதியிருந்தால் யோசிக்க வேண்டும். போன ஆண்டுப் பையன்களில் எத்தனை பேரை எடுத்துக்கொண்டார்கள் என்பதை மனிதவளத் துறையிடம் கேட்பதைவிட, ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் கேளுங்கள். பதில் நேராக வரும்.

இன்னொரு சட்டமும் தெரிந்திருக்கட்டும். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரத் தகுதி கோரலாம். அப்ரண்டிஸ் காலம் இதில் சேராது. 480 நாள் நிறையும் முன்பே ஆளை அனுப்பிவிட்டு வேறு பெயரில் மீண்டும் எடுக்கும் பழக்கம் ஏன் இருக்கிறது என்பது இப்போது புரியும்.

என் கருத்து: பதிவு சரியாக இருந்தால் அப்ரண்டிஸ் பயிற்சிக்கே அனுப்புங்கள். உள்ளே போனதும் அசெம்பிளி லைனில் நட்டு முடுக்குவதோடு நிற்காமல் மெயின்டெனன்ஸ் பிரிவுக்கு மாற்றச் சொல்லித் தம்பி கேட்கட்டும். மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை, பல கியர்கள் கொண்ட பெட்டியும் இல்லை. அந்தப் பாகங்களைக் கடைந்து தரும் வேலை சுருங்கும். ரோபோவையும், இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினியையும் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்குப் பெட்ரோல் கார் ஆலையிலும் இடம் உண்டு, பேட்டரி கார் ஆலையிலும் உண்டு. மேலே படிக்க நினைத்தால் டிப்ளமாவை வைத்து பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது. ஓராண்டுப் பயிற்சி அதற்குத் தடையாகாது.

ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.