வேலைவாய்ப்பு 90 விழுக்காடா? தொடர்பியல் கல்லூரி ஆண்டறிக்கை பற்றிய கேள்வி பதில்

இதழியல், விளம்பரவியல், திரைப்படம் போன்றவற்றைக் கற்பிக்கும் தொடர்பியல் கல்லூரிகளின் ஆண்டறிக்கைகளைத் தொகுப்பதும், பிறர் தொகுத்தவற்றைச் சரிபார்ப்பதும் நெடுங்காலமாக என் பணியாக இருந்து வருகின்றன. செய்தியைச் சரிபார்த்து எழுதக் கற்றுத்தரும் கல்லூரி, தன்னைப் பற்றி எழுதும்போதும் அதே கண்டிப்போடு எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஒரு மாணவியின் தந்தை): ஐயா, என் மகள் சேர விரும்பும் கல்லூரியின் ஆண்டறிக்கை, படிப்பை முடித்தவர்களில் 90 விழுக்காட்டினர் வேலையில் இருப்பதாகச் சொல்கிறது. நம்பலாமா?

பதில்: நம்புவதற்கு முன், எத்தனை பேரில் 90 விழுக்காடு என்று கேளுங்கள். ஓர் ஆண்டில் 120 பேர் பட்டம் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்கள் கழித்துக் கல்லூரி அனுப்பும் படிவத்தை 70 பேர் நிரப்பி அனுப்புகிறார்கள். அவர்களில் 63 பேர் வேலையில் இருக்கிறார்கள். 63-ஐ 70-ஆல் வகுத்தால் 90 விழுக்காடு. அதே 63-ஐ 120-ஆல் வகுத்தால் 52.5 விழுக்காடு. பதில் அனுப்பாத 50 பேரும் வேலையற்றவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல வேலை கிடைத்தவர்தான் மகிழ்ச்சியோடு படிவத்தை நிரப்புவார் என்பதால், வந்த பதில்கள் பெரும்பாலும் நல்ல பக்கமே சாய்ந்திருக்கும். எனவே பட்டம் பெற்றவர், பதில் அனுப்பியவர், வேலையில் இருப்பவர் என்ற மூன்று எண்களையும் அறிக்கை அச்சிட வேண்டும்; முதல் இரண்டும் இல்லாத விழுக்காட்டை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்து, எதை வேலை என்று எண்ணினார்கள் என்பதையும் பாருங்கள். ஊதியமில்லாத பயிற்சிப் பணி, மேற்படிப்பு, படித்த துறைக்குத் தொடர்பில்லாத பகுதிநேர வேலை ஆகிய எல்லாவற்றையும் ஒரே தொகையில் சேர்த்துவிடும் வழக்கம் உண்டு. எந்த நிறுவனத்தையும் சாராமல் எழுதியும் படமெடுத்தும் பிழைக்கும் இளைஞர்கள் இந்தத் துறையில் நிறைய இருப்பதால், அவர்களைத் தனி வரிசையில் காட்டுவதே நேர்மை.

கேள்வி (இளங்கலை மாணவர்): உலகத் தரவரிசையில் எங்கள் கல்லூரி எத்தனையாவது இடம் என்று எங்கே பார்ப்பது?

பதில்: தரவரிசை என் துறை அன்று. அதை வெளியிடுவோரின் தளத்திலேயே, முறையியல் பக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி (மாணவர் செய்தித்தாளின் ஆசிரியர்): எங்கள் செய்தித்தாள் இந்த ஆண்டு நிர்வாகத்தின் கட்டண உயர்வை விமர்சித்துத் தொடர் வெளியிட்டது. அந்தத் தொடரை ஆண்டறிக்கையின் சாதனைப் பட்டியலில் சேர்க்க முதன்மையர் (டீன்) அலுவலகம் தயங்குகிறது. சேர்ப்பது முறையா?

பதில்: முறைதான். 1908-இல் செய்தி ஆசிரியர் வால்டர் வில்லியம்ஸ் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளியைத் தொடங்கியபோது, வகுப்புகள் ஆரம்பித்த செப்டம்பர் 14 அன்றே மாணவர்கள் செய்தி சேகரித்த நாளிதழின் முதல் இதழும் வெளிவந்தது. உண்மையான வாசகருக்காக உண்மையான செய்தியை எழுதித்தான் இந்தத் தொழிலைக் கற்க முடியும் என்ற நம்பிக்கையில் எழுந்த கல்வி இது. நிர்வாகத்தையே கேள்வி கேட்கும் அளவுக்குத் தன் மாணவர்களை வளர்த்திருப்பது கல்லூரியின் சாதனை. அதை மறைத்தால், வகுப்பறையில் சொல்வதும் அலுவலகத்தில் செய்வதும் வேறு வேறு என்று மாணவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஆண்டறிக்கையில் இடம் கிடைக்கிறது என்பதற்காக, அச்சுக்குப் போகுமுன் படியை அலுவலகத்துக்குக் காட்டும் வழக்கத்துக்கு ஒருபோதும் இணங்காதீர்கள். அறிக்கை உங்களைப் பற்றி எழுதட்டும். உங்கள் பக்கத்தை நீங்களே திருத்துங்கள்.

கேள்வி (விளம்பரவியல் விரிவுரையாளர்): இந்த ஆண்டு 14 விருதுகள் பெற்றோம். தலைப்பிலேயே போடலாமா?

பதில்: விருதின் பெயர், பிரிவு, எத்தனை படைப்புகள் போட்டியிட்டன, நுழைவுக் கட்டணம் உண்டா ஆகியவற்றைச் சேர்த்துப் போடுங்கள். போட்டியிட்டவர் மூவர், பரிசும் மூன்று என்றால் அதைத் தலைப்பில் போடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் படித்துச் சென்றவர் இப்போது பெற்ற புகழ்பெற்ற விருதை முன்னாள் மாணவர் பக்கத்தில் பாராட்டுங்கள்; இந்த ஆண்டின் சாதனையாக எண்ணாதீர்கள்.

கேள்வி (திரைப்படம் கற்பிக்கும் உதவிப் பேராசிரியர்): ஆய்வுக் கட்டுரைகளுக்கு எங்கள் அறிக்கையில் நான்கு பக்கம். மூன்று ஆண்டு உழைத்து நான் எடுத்த ஆவணப்படத்துக்குப் 'பிற செயல்பாடுகள்' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி. இது நியாயமா?

பதில்: நியாயமில்லை. இது தொடர்பியல் கல்வியின் பழைய வழக்கு. செய்தி அறையிலிருந்து வந்து கற்பித்தவர்கள் ஒரு புறம். 1947-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய வில்பர் ஷ்ராம் போன்றோரின் வழியில் வந்த ஆய்வாளர்கள் மறுபுறம். அமெரிக்கப் பள்ளிகளில் முதல் அணியைச் செய்தி ஆசிரியர்கள் கண் கூசாமலிருக்க நெற்றியில் அணிந்த பச்சை மறைப்பின் பெயராலும், இரண்டாம் அணியைக் கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனையின் பெயராலும் அழைத்தார்கள். 1990-இல் அமெரிக்காவின் கார்னெகி கல்வி அறக்கட்டளைக்காகக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் எழுதிய அறிக்கை, புதியதைக் கண்டறிதல், பல துறை அறிவை இணைத்தல், அறிவைப் பயன்படுத்துதல், கற்பித்தல் ஆகிய நான்கையுமே புலமைப் பணியாக ஏற்க வேண்டும் என்று வாதிட்டது. அந்த அளவுகோலில் உங்கள் படத்துக்கு உறுதியாக இடம் உண்டு.

மறுப்பு (எண்களையும் புள்ளியியலையும் கொண்டு ஆராயும் அளவியல் ஆய்வாளர்): எந்தப் படத்தையும் புலமை என்று ஏற்றுக்கொண்டால், முகம் தெரியாத மதிப்பீட்டாளர்களிடம் கட்டுரையை ஒப்படைத்துவிட்டு நாங்கள் ஓராண்டு காத்திருப்பது எதற்காக?

பதில்: உங்கள் கேள்வியில் பாதி எனக்கு உடன்பாடே. படம் எடுத்ததாலேயே அது புலமைப் பணி ஆகிவிடாது. துறை அறிந்த வெளியார் இருவர் அதைப் பார்த்து எழுத்தில் மதிப்பிட வேண்டும். எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார், எந்தச் சான்றுகளைத் தேடினார் என்று இயக்குநர் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். தேர்வுக் குழு உள்ள விழாவில் அது திரையிடப்பட்டிருந்தால் அதையும் காட்ட வேண்டும். இவ்வளவும் இருந்தால் நான்கு பக்கத்தில் ஒரு பக்கத்தை அவருக்குக் கொடுக்கத் தடையில்லை.

மீண்டும் உதவிப் பேராசிரியர்: எங்களிடம் இத்தனை சான்று கேட்கிறீர்கள். கட்டுரையாளரிடம் இதழின் தாக்கக் காரணி ஒன்றே போதுமா?

பதில்: போதாது, இதில் நான் முழுவதும் உங்கள் பக்கம். வழக்கமான தாக்கக் காரணி, ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதைச் சொல்கிறது. ஒரு சில கட்டுரைகளே அந்த மேற்கோள்களில் பெரும்பகுதியை ஈட்டித் தருவதால், அதே இதழில் வந்த உங்கள் சக ஆசிரியரின் கட்டுரையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தனி ஆய்வாளரை மதிப்பிட இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் கேட்டுக்கொள்கிறது. புத்தகமாகவும் நீண்ட ஆய்வாகவும் மெதுவாகப் பரவும் துறைக்கு இரண்டாண்டு அளவுகோல் மேலும் பொருந்தாது.

மீண்டும் அளவியல் ஆய்வாளர்: எண்ணிக்கை இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் நிதி ஒதுக்காது. அதற்கு என்ன வழி?

பதில்: எண்ணிக்கையைப் பின்னிணைப்பில் கொடுங்கள். முன்பக்கத்தில், ஆண்டின் சிறந்த மூன்று பணிகள் என்ன கண்டறிந்தன, யாருக்குப் பயன்பட்டன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். கட்டுரையோ, படமோ, புலனாய்வுச் செய்தியோ, மூன்றையும் ஒரே குழு தேர்ந்தெடுக்கட்டும். இந்த வழக்கு பற்றி மேலும் பல மடல்கள் வந்துள்ளன. மற்றவர்களும் காத்திருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

கேள்வி (முதுகலை மாணவி): எங்கள் துறையில் 96 விழுக்காடு வேலைவாய்ப்பு என்கிறார்கள். இது நல்ல எண்ணிக்கையா?

பதில்: எத்தனை பேரில் என்று கேளுங்கள். முதல் பதிலில் கணக்கோடு எழுதியிருக்கிறேன்.

கேள்வி (துறை அலுவலர்): தரவு இதழியல் பிரிவில் சேர்க்கை 300 விழுக்காடு உயர்ந்தது என்று எழுதலாமா?

பதில்: சென்ற ஆண்டு ஒருவர் மட்டும் சேர்ந்த பிரிவில் இந்த ஆண்டு நால்வர் சேர்ந்தாலும் 300 விழுக்காடு உயர்வுதான். எண்ணிக்கை சிறியதாக இருந்தால் விழுக்காட்டை விட்டுவிட்டு, ஆட்களின் எண்ணிக்கையையே எழுதுங்கள்.

கேள்வி (பட்டம் பெறவிருக்கும் மாணவர்): வேலைவாய்ப்பு விழுக்காட்டை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: மூன்றாம் முறையாக இதே கேள்வி. முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (ஒரு பெற்றோர்): அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்றால் இந்த எண்களை வெளியிட்டே ஆக வேண்டுமா?

பதில்: அங்கீகரிப்பவரைப் பொறுத்தது. அமெரிக்காவில் இதழியல், தொடர்பியல் கல்விக்கான அங்கீகாரக் குழுவான ஏசிஇஜேஎம்சி, ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை கல்லூரியின் தன்மதிப்பீட்டு அறிக்கையை வாங்கிப் படித்து, ஆய்வுக் குழுவையும் நேரில் அனுப்புகிறது. படிப்பில் தொடர்பவர், பட்டம் பெறுபவர் விழுக்காடுகளைக் கல்லூரி தன் தளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் அதன் எதிர்பார்ப்பு. இந்த எண்களை நான் வேலைவாய்ப்பை விட மேலாக மதிக்கிறேன். சேர்ந்தவர்களின் பட்டியல் கல்லூரியிடமே இருப்பதால், யார் பதில் அனுப்பினார் என்ற சிக்கல் அங்கே எழுவதில்லை.

கேள்வி (புதிதாகப் பொறுப்பேற்ற உதவி முதன்மையர்): அடுத்த ஆண்டறிக்கையை நான் தொகுக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சென்ற ஆண்டறிக்கையிலிருந்து தொடங்குங்கள். செய்வோம் என்று அதில் எழுதிய ஒவ்வொன்றையும் தனித் தாளில் எடுத்தெழுதி, முடிந்தது, நடக்கிறது, கைவிடப்பட்டது என்று எதிரே குறியுங்கள். கைவிட்டவற்றுக்குக் காரணத்தோடு ஒரு வரி அச்சிடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் அதற்குப் பொறுப்பானவரின் கையொப்பத்தை வாங்குங்கள். பட்டமளிப்புக்கு முன்பே இறுதியாண்டு மாணவர்களின் சொந்த மின்னஞ்சல் முகவரிகளைச் சேகரித்துவிடுங்கள். கல்லூரி முகவரி மூடப்பட்ட பிறகு அனுப்பும் படிவம் யாரையும் சென்று சேராது, பதில் அனுப்பாதவர் எண்ணிக்கை பெருகுவதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.