பழமொழி கேள்வி – பதில்

கேள்வி: 'ஆடிப் பட்டம் தேடி விதை' எல்லா ஊருக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. பட்டம் என்றால் விதைக்கும் பருவம். தென்மேற்குப் பருவமழை கிடைக்கும் மானாவாரிக் காடுகளுக்கே, அதாவது மழையை மட்டும் நம்பிய நிலங்களுக்கே, இது சரியாகப் பொருந்தும். ஏறத்தாழ 105 நாளில் விளையும் கொத்து ரக நிலக்கடலையைப் பாருங்கள். ஆடித் தொடக்கத்தில் விதைத்தால் ஐப்பசி நடுவிலேயே பறிப்புக்கு வந்துவிடும். ஆவணிக்குத் தள்ளினால் கார்த்திகை ஈரத்தில் மாட்டிக்கொள்ளும். இந்த ரகங்களுக்கு விதை உறக்கம், அதாவது முற்றிய பின்னும் சில காலம் முளைக்காமல் இருக்கும் தன்மை, இல்லாததால், முற்றிய காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். 180 நாள் துவரைக்கும் ஆடிதான் நல்லது: மழையில் செடி வளர்ந்து, தையில் அறுவடைக்கு வரும். ராமநாதபுரம் பக்கம் தென்மேற்கு மழை சொற்பம். அங்கே நெல்லுக்கு ஆவணி, புரட்டாசியில்தான் புழுதி விதைப்பு, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பது.

ஆடி பிறந்ததுமே விதைக்கவும் கூடாது. ஒரு தூறலை நம்பினால் முளைத்தது கருகும். விரல் நீள ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் விதைக்கலாம்.

கேள்வி: 'சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்கிறார்களே, புழுதிக்கு அவ்வளவு மதிப்பா?

பதில்: ஆமாம், கோடை உழவைச் சொல்வது இது. கோடை மழை பெய்ததும் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். சரிவோடு உழுதால் மழைநீர் மண்ணையும் அரித்துப் போகும். உழும்போது மண்ணில் கிடக்கும் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகக் காய்ந்தால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது 1037ஆம் குறள்.