ஒரே ஒரு நேர்வை வைத்து ஆய்வேடு எழுதினால் ஏற்பார்களா?

சர்வதேச உறவுகளில் விமர்சன நோக்கில் ஆய்வு செய்பவருக்கு ஒற்றை நேர்வு, அதாவது ஆய்வுக்கென எடுத்துக்கொள்ளும் ஒரே ஒரு நிகழ்ச்சி, போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'இன்னும் இரண்டு நாடுகளைச் சேர்' என்று ஆய்வுக் குழுவில் யாரோ சொல்லியிருப்பார்கள். சேர்க்காதீர்கள்.

என் ஆய்வேடு 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி பற்றியது; கியூபாவில் சோவியத் ஒன்றியம் அணு ஏவுகணைகளை நிறுவியதால் அமெரிக்காவுடன் மூண்ட மோதல் அது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் எடுத்த எடுப்பிலேயே, "கருதுகோள் எங்கே? ஒன்றை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியுமா?" என்றார். அக்டோபர் 16 மாலை வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தின் ஒலிப்பதிவைத்தான் பதிலாகச் சொன்னேன். சோவியத் தலைவர் குருஷேவின் நோக்கம் பிடிபடாத அமெரிக்க அதிபர் கென்னடி, நாம் திடீரென்று துருக்கியில் ஏவுகணைகளை வைப்பது போலல்லவா இது, எவ்வளவு ஆபத்து என்கிறார். வைத்திருக்கிறோமே என்கிறார் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி. அமெரிக்காவின் 15 ஜூபிடர் அணு ஏவுகணைகள் துருக்கிக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. அது பழைய கதை என்று கென்னடி சொல்ல, பேச்சு நகர்ந்துவிடுகிறது. கியூபா ஏவுகணைகளால் ராணுவச் சமநிலை மாறவே இல்லை என்று பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா அதே கூட்டத்தில் சொல்கிறார். ஆனாலும் அவற்றை அகற்றியே தீர வேண்டும் என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை.

அரசியல் அறிஞர் கிரஹாம் அலிசன் 1971இல் இதே நெருக்கடியை எடுத்துக்கொண்டு, ஏன் அந்த முடிவுகளை எடுத்தார்கள் என்று கேட்டார். விமர்சன நோக்கில் எழுதிய ஆய்வாளர் யூட்டா வெல்டெஸ் 1999இல், அந்த ஏவுகணைகள் அச்சுறுத்தலாக ஆனதே எப்படி என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எண்ணிக்கை உதவாது. பத்து நெருக்கடிகளை அட்டவணையில் அடுக்கும்போதே, அவை நெருக்கடிகள் என்ற ஆட்சியாளர்களின் தீர்ப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

தேர்வாளர் முழுமனதாக ஏற்கவில்லை. அறிக்கையில் ஒரு வரி குறையாக எழுதினார். ஆனாலும் பட்டம் தடைபடவில்லை.

ஒப்பாய்வே வீண் என்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கேள்வி வேறானால் முறையும் வேறுதான். ஒற்றை நேர்வு உழைப்பைக் குறைக்கும் வழியும் அன்று. ஒரே ஒலிநாடாவின் எழுத்துவடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறும்; வரிவரியாக ஒத்துப்பார்க்க வேண்டும். மாஸ்கோவும் ஹவானாவும் அப்போது என்ன பேசின என்பதையும் தேடிப் படிக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகளுக்கு இத்துறையில் தேர்வுக் கையேடுகளைத் தவிர உருப்படியாக என்ன கொடுத்திருக்கிறோம்? இந்த ஒலிப்பதிவைத் தமிழில் விளக்கினால் பளிச்சென்று பிடித்துக்கொள்கிறார்கள். அதே மாணவர்கள் ஆங்கிலத்துக்கு அஞ்சிக் கருத்தரங்குகளில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மேடையில் இருக்கும் பேராசிரியர்களில் பலர் தமிழர்கள்தானே, ஒரு கேள்வியையாவது தமிழில் கேட்க விட்டால் என்ன?